டாக்டரம்மாவின் டீசல் வண்டி

ராமநாதபுரத்திலிருந்து மதியம் வரும் பஸ் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதில்லை. கடைத்தெரு முக்கில்தான் நிற்கும். சென்ற வாரம் ஒருநாள் அது எங்கள் வாசலில் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி உள்ளே வந்தார். நான் ஒரு கைக்குழந்தையைத் தராசில் கிடத்தி எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைய அவுக அம்மாகிட்ட குடுங்க சிஸ்டர்" என்றார்.

கொடுத்தேன்.

"மதுரையிலேருந்து சேதி வந்துருக்கு. டாக்டரம்மா காலையில தவறிட்டாக."

"இன்னா லில்லாஹி" என்று என் வாய் தானாகச் சொன்னது. குழந்தையை வாங்கிக்கொண்ட பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளே டாக்டரம்மா கையில் பிறந்தவள்தான். வெளியே பார்த்தால் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வெயிலில் நிற்கிறார்கள். கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. டிரைவரும் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரியபட்டினத்திலிருந்து ஆர்.எஸ்.மங்கலம் வரைக்கும் அவரைத் தெரியாத வீடு குறைவு. ஆனால் அவருடைய பழைய டீசல் காரை ஒரு வேடிக்கையாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். அந்தக் காரால் அவர் பட்ட பாடும், அதற்கு அவர் செய்த வைத்தியமும் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்ன சொன்னாலும் குறையாகவே இருக்கும்.

பெயர்ப்பலகையில் டாக்டர் மங்களேஸ்வரி என்று இருந்தது. அந்தப் பெயரால் யாரும் அவரை அழைத்ததில்லை. ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் நெல் வயலும் மாடு கன்றுமாக வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் படித்தார். படிப்பு முடிந்ததும் மதுரையில் இருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஆண் டாக்டரிடம் போகமாட்டார்கள், அதனாலேயே வீட்டுக்குள் செத்துப்போகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம் பெரியபட்டினத்துக்கு வந்து ஒரு வாடகை வீட்டில் ஆஸ்பத்திரி வைத்தார். குள்ளமான உருவம், தடித்த மூக்குக்கண்ணாடி, வெள்ளை வாயில் சேலை. காப்பியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் குடிப்பார். கடலைக் கண்டால் அவருக்குப் பயம். இருபது வருஷத்துக்கு மேல் கடற்கரையில் இருந்தும் ஒருநாள் கால் நனைத்ததில்லை.

நான் அவரிடம் சேர்ந்தது என் தங்கையின் பிரசவத்தின்போது. என்னைக் கட்டிய மாப்பிள்ளை கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன இடத்தில் காய்ச்சலில் மவுத்தாகி, நான் வாப்பா வீட்டில் இருந்த காலம். வெந்நீரும் துணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"குர்ஆன் ஓதுவேன். தமிழ் வாசிப்பேன்."

"போதும். மதுரையில போய் நர்ஸ் வேலை படிச்சுட்டு வா."

வாப்பா மறுத்தார். டாக்டரம்மா எங்கள் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து, உம்மா கொடுத்த தேநீரையெல்லாம் குடித்துக்கொண்டு, வாப்பா சம்மதிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. என்னைவிட அவர் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் அன்று முதல் கடைசிவரை நான் அவரை டாக்டரம்மா என்றும் அவர் என்னை "ஏ சைனம்பு" என்றுமே அழைத்துக்கொண்டோம்.

கார் பிறகு வந்தது. கீழக்கரை வணிகர் ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்து சில காலம் ஓட்டி, பின்பு கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்த கார் அது. நீண்ட மூக்கு. இரும்புப் பெட்டியைப் போன்ற கனம். டீசலில் ஓடும். அந்த நாளில் இந்தப் பக்கம் டீசலில் ஓடும் காரை யாரும் பார்த்ததில்லை. லாரி வருகிறது என்று நினைத்து மாடுகள் ஒதுங்கும். பெட்ரோலுக்கு ராமநாதபுரம் போகவேண்டும், டீசல் என்றால் மண்டபத்தில் லாஞ்சுப் படகுகளுக்கு வருகிற பீப்பாயிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத்தான் டாக்டரம்மா அதை வாங்கினார். அந்தப் பீப்பாய்கள் கரையில் வெயிலிலும் மணலிலும் கிடந்தவை என்பதை நாங்கள் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

டிரைவர் யாரும் நிலைக்காததால் அவரே ஓட்டக் கற்றுக்கொண்டார். தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் அவருக்குச் சாலை தெரியும். முன்னால் ஓட்டுவார். பின்னால் எடுக்க மட்டும் கடைசிவரை வரவே இல்லை. திரும்ப வேண்டுமென்றால் அடுத்த ஊர்வரை போய், கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு வருவார். "வண்டியில போயிட்டு வாரதுக்கு நடந்தே போயிட்டு வந்துரலாம் டாக்டரம்மா" என்று நான் சொன்னால், "நட, உன்னை யாரு புடிச்சு வச்சா?" என்பார்.

அந்தக் காருக்கு ஒரு நோய் இருந்தது. ஊரில் பலரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் இழுக்கத் திணறும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். தள்ளினாலும் கிளம்பாது. நாங்கள் மர நிழலில் உட்கார்ந்து, வெற்றிலை போடுகிறவர்கள் போட்டு, பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்தபின் முடுக்கினால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். மறுபடி கொஞ்ச தூரம். மறுபடி நிற்கும். ராமநாதபுரத்துப் பட்டறையில் எஞ்சின் பக்கத்து ஃபில்டரை மாற்றினார்கள். பம்பைக் கழற்றிப் பூட்டினார்கள். குழாய்களை ஊதிப் பார்த்தார்கள். பட்டறையில் நிற்கும்போது அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. "இதுக்கு மனசு சரியில்லம்மா" என்று அங்கே ஒருவர் சொன்னார். டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு செல்லம்மாவோடு போனது.

ஒவ்வொரு புதன்கிழமையும் டாக்டரம்மா ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் போய், தம் குடும்ப வீட்டில் உட்கார்ந்து சுற்று வட்டாரத்துப் பெண்களைப் பார்ப்பார். நானும் போவேன். செல்லம்மா கண்மாய் ஓரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வருவாள். கணவன் முனியசாமி விவசாயக் கூலி. தலைப்பிள்ளை. ரத்தம் போதாமல் வெளுத்திருந்தாள். "வலி கண்டதும் ஆள் அனுப்பு. நானே வாரேன்" என்று டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தார்.

வலி கண்ட அன்று காலை முதல் பஸ்ஸில் அவள் சித்தப்பா வந்தார். நாங்கள் உடனே கிளம்பினோம். கார் ராமநாதபுரத்துக்கு முன்பே நின்றது. பிறகு தேவிபட்டினம் பிரியும் விலக்கில் நின்றது. உப்பூர் தாண்டி மறுபடி நின்றது. அங்கே நிழல்கூட இல்லை. டாக்டரம்மா பையைத் தூக்கிக்கொண்டு சாலையில் நடக்கத் தொடங்கிவிட்டார். எதிரே வந்த மாட்டுவண்டியைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சினார். அதற்குள் கார் கிளம்பியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர் முகப்பிலேயே அழுகுரல் கேட்டது. பிள்ளை பிறந்து, உதிரப்போக்கு நிற்காமல், சற்று முன்புதான் செல்லம்மா போயிருந்தாள். பெண் குழந்தை. அது முறத்தில் துணி சுற்றிக் கிடந்து அழுதுகொண்டிருந்தது.

டாக்டரம்மா குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். தொப்புள் கொடியைச் சரிசெய்தார். செல்லம்மாவின் கண்களை மூடினார். பிறகு பெண்களோடு கேதத்தில் உட்கார்ந்தார். நான் அவரருகில் உட்கார்ந்திருந்தேன். முனியசாமி வந்து தூணோரம் நின்றபோது அவர் எழுந்து அவனிடம் போனார்.

"ஏப்பா, நான் வந்திருந்தா அவளைக் காப்பாத்தியிருப்பேன்னு சொல்லல. அது எனக்குத் தெரியாது. ஆனா வாரேன்னு சொன்னேன். வர வேண்டிய நேரத்துல வரல."

செல்லம்மாவின் சித்தப்பா குறுக்கே வந்தார். "நீங்க என்ன தாயி செய்வீக? வண்டியில நானும்தானே இருந்தேன். அது நின்னு போச்சுல்ல."

"வண்டி என்னோடது அய்யா" என்றார் டாக்டரம்மா.

முனியசாமி அவரைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான். திரும்பும் வழியில் கார் மூன்று இடத்தில் நின்றதா நான்கு இடத்தில் நின்றதா என்று எனக்கு நினைவில்லை. நிற்கும்போதெல்லாம் அவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

அதன்பின் அவர் பஸ்ஸில் போனார், மாட்டுவண்டியில் போனார், ஒருமுறை ரயில்வே டிராலியில்கூடப் போனார். காரை விற்றுவிடலாம் என்று நான் சொன்னேன். "வாங்குறவனும் எங்கயாவது அவசரமாத்தான் போவான்" என்றார்.

சில மாதம் கழித்து மரைக்காயர் பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வலை இழுத்தே வயசானவர். மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, பெண் டாக்டர் என்றதும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எதற்கு வந்தார் என்பதை அவர் வாயிலிருந்து வரவழைக்கப் பெரும்பாடு ஆயிற்று. கடைசியில் சுவரிடமே சொன்னார்.

"ஒண்ணுக்குப் போனா ரெண்டு சொட்டோட நின்னுருது தாயி. முக்குனாலும் வராது. சரின்னு போய்ப் படுத்து ஒருக்களிச்சுப் பெரண்டு எந்திரிச்சா, மறுபடி நல்லா வருது. கொஞ்சம் வந்ததும் திரும்ப அடைச்சுக்கிருது."

மூத்திரப்பையில் கல் என்று எனக்கே புரிந்தது. இந்தப் பக்கத்தில் அது நிறையப் பார்ப்போம். போகிற வேகத்தில் கல்லும் சேர்ந்து வந்து வாயை அடைக்கும். படுத்துப் புரண்டால் கல் உருண்டு விலகும், வழி திறக்கும். டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் பேனா நின்றது.

"அய்யா, இன்னொரு தடவ சொல்லுங்க."

பெரியவர் சங்கடத்தோடு மறுபடி சொன்னார். டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு ஜன்னல் வழியே கொட்டகையில் நின்ற காரைப் பார்த்தார். "ஏ சைனம்பு, போகப் போக அடைக்குது. சும்மா நின்னா விலகிருது. எஞ்சின்ல ஒண்ணும் இல்ல. எண்ணெ பைக்குள்ளதான் என்னமோ கெடக்கு" என்றார்.

பெரியவர் பயந்துபோனார். "எனக்கா தாயி?"

"உங்களுக்குக் கல்லு. மதுரைக்கு எழுதித் தாரேன். எடுத்துட்டா சரியாப் போகும். நீங்க இன்னைக்கு எனக்குப் பெரிய உபகாரம் பண்ணியிருக்கீக." அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மதுரைக்குப் போய்க் கல்லை எடுத்துக்கொண்டு வந்து, அதை ஒரு சீசாவில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்.

மண்டபத்தில் லாஞ்சு எஞ்சின்களைப் பார்க்கும் சவரிமுத்துவுக்கு ஆள் அனுப்பினோம். டாக்டரம்மா வயதுதான் அவருக்கும் இருக்கும். அவர் பிள்ளைகள் மூவரும் எங்களிடம் பிறந்தவர்கள்தான். அவர் வந்து கதையைக் கேட்டுவிட்டு, காரின் பின்பக்கம் படுத்து உள்ளே பார்த்தார்.

"லாஞ்சு டாங்குல அடியில ஒரு சல்லடை இருக்கும்மா. எண்ணெ வெளிய போற வாயில. இதுலயும் இருக்கணும். இந்தா, பெரிய நட்டு ஒண்ணு தெரியுது. ஆனா நான் கார் டாங்கைத் தொறந்தது இல்ல. உடைஞ்சா எங்கிட்ட கோவிக்கக் கூடாது."

"நான் வயித்தைத் தொறக்கும்போது அதையேதான் சொல்றேன். தொறங்க" என்றார் டாக்டரம்மா.

அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. வெளிநோயாளிகள் எல்லாரும் வரிசையை விட்டுவிட்டுக் கொட்டகையில் கூடிவிட்டார்கள். பிரசவத்துக்கு வைத்திருந்த எனாமல் பேசின்களை எடுத்து வந்து டாங்குக்கு அடியில் வைத்தோம். டீசல் முதலில் தெளிவாக வந்தது. அடி எட்ட எட்டக் கருப்பாக, கூழாக வந்தது. முழுவதும் வடிந்த பிறகு சவரிமுத்து பெரிய ஸ்பானரைப் போட்டு, அதன் முனையில் ஒரு குழாயைச் செருகி நெம்பினார். நட்டு அசையவில்லை. டாக்டரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் படுத்து, அவரும் குழாயைப் பிடித்தார். கூட்டத்தில் ஒரு பாட்டி, "பொம்பள இப்புடி வண்டிக்கு அடியில கெடக்குறதா?" என்றாள். "பின்ன நீங்க வந்து படுக்குறீகளா?" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நட்டு கிறீச்சென்று திரும்பியது.

நட்டோடு சேர்ந்து ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி வலைக் குழல் வெளியே வந்தது. அது சல்லடை என்று தெரியவே இல்லை. முழுக்கக் கருப்புச் சேறு அப்பியிருந்தது. டாக்டரம்மா அதை ஆபரேஷன் தட்டில் வாங்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். துருப்பொடி, கடல் மணல், சாக்கு நார், கயிற்றுத் திரி. கடைசியில் ஒரு மீன் செதில்.

"மீனுகூட ஏறியிருக்கு, நம்ம ஏறித்தான் எங்கயும் போய்ச் சேரல" என்றார் சவரிமுத்து.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்தச் செதிலை விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"இவ்வளவுதான் சைனம்பு" என்றார். "ஒரு நாள் காலையில பாத்திருக்கலாம்."

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, பின்னும் ஊறவைத்து, மறுபடி தேய்த்தோம். ஒவ்வொரு முறையும் அவர் அதை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். வலையில் எங்காவது ஒரு கண் அடைந்திருந்தாலும் திரும்ப என்னிடம் கொடுத்துவிடுவார். கிழிசல் இருக்கிறதா என்று சவரிமுத்து விரலால் தடவிப் பார்த்தார். செம்பு வாஷரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தார். அப்படிச் செய்தால் அது இளகிப் பொருந்தும், கசியாது என்றார். டாங்குக்குள் கொஞ்சம் டீசலை ஊற்றிக் கலக்கி, அடியில் தங்கியிருந்ததையும் வெளியேற்றினார். சல்லடையைப் பூட்டி, பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து அதன் வழியே டீசலை வடித்து ஊற்றினோம். அதன் பிறகும் கார் கிளம்பவில்லை. குழாயில் காற்று நிற்கிறது என்று சவரிமுத்து, எஞ்சின் பக்கத்தில் ஒரு திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை என்னை அடிக்கச் சொன்னார். நுரையாக வந்தது, பிறகு குமிழியாக வந்தது, பிறகு சுத்தமான எண்ணெய் வந்தது. திருகை இறுக்கினார். டாக்டரம்மா முடுக்கினார். கார் கிளம்பியது.

அவர் எங்களை ஏற்றிக்கொண்டு நிற்காமல் கீழக்கரைவரை போனார். ஊரைச் சுற்றித் திரும்பி வந்தார். வழியெல்லாம் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய பிறகுதான் அவர் அழுதார். சவரிமுத்து இறங்கிக் கை கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து டீசலைத் துணியில் வடிக்காமல் ஊற்றியதில்லை. மாதம் தவறாமல் டாங்கு அடியைத் திறந்து கொஞ்சம் வடித்துப் பார்ப்பார். பீப்பாய் மாறினால் சல்லடையையும் கழற்றிப் பார்ப்பார். கை கருப்பாகிவிடும். அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நோயாளிகளைக் கூப்பிடச் சொல்வார். யாராவது கேலி பேசினால், "வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத உசுருக்கு நம்மதான் தொறந்து பாக்கணும்" என்பார். கைக்குழந்தைகளைப் பற்றியும் இதையேதான் சொல்வார்.

முனியசாமி எங்களைத் தேடி வந்தது அதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து. செல்லம்மாவின் பிள்ளையை வளர்க்க அவள் தங்கை பாண்டியம்மாவையே அவனுக்குக் கட்டி வைத்திருந்தார்கள். அவள் உண்டாகியிருப்பது எங்களுக்குத் தெரியாது. புதன்கிழமைகளில் அவர்கள் யாரும் வந்ததில்லை. வரமாட்டார்கள் என்றே நாங்களும் நினைத்திருந்தோம். ஒரு காலை நேரம், வாசலில் முனியசாமி நின்றான். யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு நடுச்சாமத்திலேயே கிளம்பி வந்திருக்கிறான். சட்டையெல்லாம் வியர்வை.

"பிள்ள குறுக்க கெடக்காம். மருத்துவச்சி கைய விரிச்சுட்டா" என்றான். பிறகு, டாக்டரம்மா முகத்தைப் பார்க்காமலே, "உங்ககிட்டயே வந்துட்டேன்" என்றான்.

டாக்டரம்மா பையை எடுத்தார்.

அன்றைய பயணத்தை எழுதுவது எளிது, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. ராமநாதபுரத்துக்கு முன்னால் கார் நிற்கவில்லை. தேவிபட்டினம் விலக்கு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு ஓதினேன். திறந்தபோது தாண்டியிருந்தோம். உப்பூர் தாண்டி அந்த நிழலில்லாத இடம் வந்தது. டாக்டரம்மா ஸ்டீரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். முனியசாமி பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்திருந்தான். அவனுக்கும் அந்த இடம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். சித்தப்பா சொல்லியிருப்பார். கார் போய்க்கொண்டே இருந்தது.

பாண்டியம்மாவைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இங்கே வைத்துச் செய்யக்கூடியது இல்லை, ராமநாதபுரத்தில் கிழித்துத்தான் எடுக்கவேண்டும் என்றார். கதவைக் கழற்றிக் கட்டிலாக்கி அதில் வைத்துத் தூக்கி வந்து பின் சீட்டில் கிடத்தினோம். தலை என் மடியில். கால்மாட்டில் முனியசாமி குந்தியிருந்தான். காரைத் திருப்ப வேண்டும். பின்னால் எடுக்க அவருக்கு வராது. "ஏலே, பத்துப் பேரு வாங்கடா" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். ஊர் ஆட்கள் சேர்ந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கி, அதை அப்படியே நகட்டித் திருப்பி வைத்தார்கள். உள்ளே இருந்த பாண்டியம்மா அந்த வலியிலும், "என்னக்கா, தேரு இழுக்குறாகளா?" என்று என்னிடம் கேட்டாள்.

ராமநாதபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மாவும் உள்ளே நின்றார். பெண் குழந்தை. சிறிது நேரம் அழாமல் இருந்து எல்லாரையும் கலங்கடித்துவிட்டுப் பிறகு அழுதது. பாண்டியம்மா பிழைத்தாள். டாக்டரம்மா வெளியே வந்து சொன்னபோது முனியசாமி அவர் காலில் விழப்போனான். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"வேண்டாம்பா. அன்னைக்கு நீ என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டல. இன்னைக்கு இதுவும் வேண்டாம்."

"திட்டணும்னு நெனச்சேன்மா" என்றான் முனியசாமி. "நீங்க வண்டி மேல பழி போடுவீகன்னு பாத்துக்கிட்டே நின்னேன். போட்டிருந்தா திட்டியிருப்பேன்."

டாக்டரம்மா திரும்பி நடந்தார். கான்டீனில் காப்பி வாங்கி, சர்க்கரை போடாமலே குடித்தார். போடாததை அவர் கவனிக்கவும் இல்லை.

பல வருஷம் ஓடிவிட்டு, அந்தக் கார் உடம்பெல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்தது. எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது. மண்டபத்தில் மீன்பிடிக்கவும் எந்திரப் படகுகள் வரத் தொடங்கிய சமயம். சவரிமுத்து அதைக் கழற்றித் தன் மைத்துனர் படகில் பூட்டினார். படகு முதன்முதலாகக் கடலுக்குள் போனபோது டாக்டரம்மா கரையில், தண்ணீருக்கு வெகு தூரம் தள்ளி நின்று பார்த்தார். "என்னைவிட அதுக்குத் தைரியம் ஜாஸ்தி" என்றார்.

உடம்பு முடியாமல் அவர் மதுரையில் தம்பி வீட்டுக்குப் போன பிறகு, நான் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். கடைசியாக நோன்புப் பெருநாளுக்குப் பிறகு போனேன். மிகவும் மெலிந்திருந்தார். கண்ணாடி முகத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஊர்ச் செய்திகள் எல்லாம் கேட்டார். புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டரைப் பற்றிக் கேட்டார். நல்ல பெண் என்றேன். பிறகு, "இப்ப பிரசவம் பாக்கப் போறப்ப உனக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. ஆனால் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

"இருக்கு டாக்டரம்மா. ஒவ்வொரு தடவையும் இருக்கு. இத்தனை வருஷமாச்சு, இன்னும் போகல."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் கடைசி கேஸ் வரைக்கும் இருந்துச்சு. யாருகிட்டயும் சொன்னது இல்ல. டாக்டருக்கே பயம்னா அவுக என்ன ஆவாக? அதான் சத்தம் போட்டுக்கிட்டே திரிஞ்சேன்." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அது இருக்கட்டும் சைனம்பு. என்னைக்குப் பயம் போயிருச்சோ, அன்னைக்கு வேலையை விட்டுரு."

இருபது வருஷம் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ரத்தம் பெருகும்போதும், பிள்ளை மூச்சு விடாமல் கிடக்கும்போதும் அவர் குரல் உயர்ந்துதான் கேட்டிருக்கிறேன், தளர்ந்து கேட்டதில்லை. அத்தனை நாளும் அவருக்குள் பயம் இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மதுரையில் இறுதிச் சடங்கு முடிந்து நான் ஊர் திரும்பிய மறுநாள் காலை, களிமண்குண்டிலிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவம், நேற்றிலிருந்து வலி என்றார்கள். இளம் டாக்டர் ராமநாதபுரம் போயிருந்தார். நான் கை கழுவப் போனேன். தண்ணீரை மொண்டு ஊற்றும்போது அந்தப் பயம் வந்தது, எப்போதும் போல. முன்பெல்லாம் அதை மறைத்துக்கொள்ளப் பார்ப்பேன். அன்று மறைக்கவில்லை. டாக்டரம்மா விட்டுப் போனவற்றில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்தப் பயத்தைத்தான். அது இன்னும் என்னிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆறுதலாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.